குபேர லிங்கத்தில் நாலு சாவு

அடி அண்ணாமலை வெள்ளையம்மாள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பிற்பாடு நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள்.

1993 மார்ச்சில் வேங்கிக்கால் பக்கம் போட்ட பொருட்காட்சியில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மொச்சையைக் கொட்டி வைத்து, எத்தனை என்று சரியாகச் சொல்பவர்களுக்குப் பிரஷர் குக்கர் என்றார்கள். சீட்டுப் போட்டவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். அதில் கணக்கு வாத்தியார்கள் மட்டும் பதினொருவர். வெள்ளையம்மாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ஜாடியின் முன்னால் போய் நின்றவள், சுற்றுக்கு எத்தனை, அடுக்குக்கு எத்தனை என்று பார்த்துப் பார்த்து, பகல் இரண்டேகாலுக்குத்தான் நகர்ந்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இரண்டு முறை வந்து உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று விசாரித்தார். அவள் சொன்ன எண் 2,316. கொட்டி எண்ணியதில் 2,317 வந்தது. "ஒரு மொச்ச ரெண்டா பொளந்துகிட்டு இருக்கும், பாருங்க. அத ரெண்டுன்னு எண்ணிட்டீங்க" என்றாள். பார்த்தார்கள். பிளந்துதான் இருந்தது.

1996 கார்த்திகை தீபத்தன்று கோபுர வாசலில் கழற்றிவிட்ட செருப்பை, அன்றைக்கே, அதே ஜோடியாகக் காலில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். இது எவ்வளவு பெரிய காரியம் என்று தீபத்துக்கு வந்து போனவர்களுக்குத் தெரியும்.

1999-இல், பக்கத்து வீட்டுக் கருப்பனின் கோழிக்குஞ்சுகளோடு கலந்துவிட்ட தன்னுடைய பதினாலு குஞ்சுகளை, ஊர்க்காரர்கள் ஐந்து பேர் பார்க்கத் தனியாகப் பிரித்தெடுத்தாள். எல்லாமே கறுப்புக் குஞ்சுகள். விட்ட உடனே பதினாலும் அவளுடைய தாய்க்கோழியின் இறக்கைக்குள் ஓடின. கருப்பன் அதற்கப்புறம் சேவல் மட்டும்தான் வளர்க்கிறான்.

நாலாவதாக, சென்னையிலிருந்து வந்த நந்தினி என்ற டாக்டரம்மாவிடம், செத்துப்போன எலிகளின் ஈரல் விஷயத்தில் ஜெயித்தாள். மற்ற மூன்றையும் விட இதுதான் பெரியது.

வெள்ளையம்மாள் பள்ளிக்கூடத்துக்குள் போனவள் அல்ல. அவளுடைய அண்ணன் தருமன் எட்டாவது வரை படித்தான். அந்த எட்டு வருஷமும் அவள் பள்ளிக்கூட வாசல் வழியாக இருபத்திரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய், இருபத்திரண்டையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். எண்களைக் காலண்டரிலும் பஸ்ஸிலும் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். எழுத்தை மட்டும் கிட்டே சேர்க்கவில்லை. அறிவொளி வகுப்பு ஊருக்கு வந்தபோது பாடம் நடத்த வந்தவன் அவளுடைய சொந்தக் கொழுந்தன். "எங்க வூட்ல மூணு வேள துன்னுட்டுப் போறவன் முன்னாடி நான் கை கட்டிக்கினு உக்காரணுமா?" என்று எழுந்து வந்துவிட்டாள்.

2002 ஜூனில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மாடி வீட்டுக்கு டாக்டர் அருணகிரி குடிவந்தார். வயது அறுபத்திரண்டு. சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊசி போடும் டாக்டர் இல்லை. ஈரலையும் குண்டிக்காயையும் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்கிற டாக்டர். பெயரிலேயே ஊர் இருக்கிறதே, ஓய்வு காலத்தை அங்கேயே கழிக்கலாம் என்று வந்தாராம். ஓய்வுக்கு வந்தவர் கையோடு ஒரு மைக்ராஸ்கோப்பையும், மரப்பெட்டியில் 96 கண்ணாடி ஸ்லைடுகளையும் கொண்டுவந்தார். வீடு கூட்டி, சமைத்து வைக்க வெள்ளையம்மாளைச் சேர்த்துக்கொண்டார்.

முதல் மாதம் அவளுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. தினமும் பதினோரு மணிக்கு மேல் அவருடைய வலது கண்ணைச் சுற்றி அச்சு வெட்டினாற்போல் ஒரு வட்டம் தெரியும். நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். கண்ணைச் சுற்றி இட்டுக்கொள்வது ஏதோ உயர்ந்த மார்க்கம் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒரு நாள் காபியோடு உள்ளே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு" என்று திடுக்கிட்டு எழுந்தார்.

"இன்னாது சார் நாப்பத்தொண்ணு?"

"செத்துப்போன உயிரணு. எண்ணிக்கிட்டிருந்தேன்."

"எண்ணினீங்களா? தூங்கினு இல்ல இருந்தீங்க?"

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையும் பார்க்கச் சொன்னார். ரோஸ் நிறத்தில் நெருக்கமாக வீடு வீடாகத் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நீலமாக ஒரு விளக்கு. சில வீடுகளில் விளக்கு கருகிச் சுருண்டிருந்தது. சில வீடுகளில் சுவரே இடிந்து உள்ளே இருந்ததெல்லாம் தெருவுக்கு வந்திருந்தது. எது உயிரோடு இருப்பது, எது செத்தது என்று டாக்டர் ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தார். வெள்ளையம்மாள் காபி ஆறும்வரை பார்த்தாள்.

"நாப்பத்துமூணு இருக்குது சார்."

டாக்டர் மறுபடி எண்ணினார். தூங்காமல் எண்ணினார். நாற்பத்துமூன்று. அன்றிலிருந்து சமையல் காலை ஒன்பதுக்குள் முடிந்துவிடும். ஒன்பதரைக்கு வெள்ளையம்மாள் மைக்ராஸ்கோப்பில் உட்காருவாள். டாக்டர் ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் நறுக்குவார்.

விஷயம் என்னவென்று டாக்டர் அவளுக்குப் புரியும்படி சொன்னார். அந்த 96 ஸ்லைடும் சென்னையில் வளர்த்த எலிகளின் ஈரல். எலிகளில் பாதிக்குச் சாதாரணத் தீனி; பாதிக்குக் கொழுப்புத் தீனி போட்டு ஈரலைக் கொழுக்க வைத்தார்கள். பிறகு சில எலிகளுக்கு ஈரலுக்குப் போகிற ரத்தத்தைக் கொஞ்ச நேரம் கட்டி நிறுத்தி, மறுபடி திறந்துவிட்டார்கள். சிலவற்றுக்கு வயிற்றைத் திறந்து மூடியதோடு சரி. மனிதர்களுக்கு ஈரலில் கட்டி எடுக்கும்போதும், ஒருவர் ஈரலை எடுத்து இன்னொருவருக்கு வைக்கும்போதும் இதேபோல் ரத்தத்தை நிறுத்தித் திறக்க வேண்டியிருக்கிறது. கொழுப்பில்லாத ஈரல் தாங்கிக்கொள்கிறது. கொழுத்த ஈரல் ரத்தம் திரும்பி வந்தபிறகு கெட்டுப்போகிறது.

"ரத்தம் நின்னா சாகும், அது தெரிஞ்சதுதான். திரும்பி வந்தப்புறம் ஏன் ஜாஸ்தியா சாகுது, எப்படிச் சாகுதுங்கிறதுதான் கேள்வி."

"இதுல இன்னா சார் அதிசயம்? என் நாத்தனார் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்துது. ஒரு சண்ட இல்ல, வூடு அமைதியா கெடந்துது. சமாதானம் ஆயி, ரெண்டு வேன்ல ஆள் கூட்டிகினு வந்துது பாருங்க, அன்னிக்குத்தான் மூணு மண்ட ஒடஞ்சுது."

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். "கிட்டத்தட்ட அதேதான்" என்றார்.

செத்த வீடுகளை இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டும். தானாகச் சுருங்கி, துண்டு துண்டாகி, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் போவது ஒரு வகை. உப்பி வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவது இன்னொரு வகை. இரண்டுக்கும் டாக்டரிடம் இங்கிலீஷில் பெயர் இருந்தது. வெள்ளையம்மாள் முதலாவதை 'சத்தமில்லாத சாவு' என்றாள். இரண்டாவதை 'கூட்டம் சேர்ற சாவு' என்றாள். வெடித்துச் செத்த வீட்டைச் சுற்றித்தான் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் வந்து மொய்க்கும். விளக்கே மூன்று நாலாகப் பிரிந்த மாதிரி இருக்கும் அவற்றுக்கு. எழவுக்கு வந்த கூட்டம், வந்த இடத்தில் சும்மா இருக்காமல் பக்கத்து வீட்டு வேலியையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். அதற்குத்தான் டாக்டர்கள் அழற்சி என்கிறார்கள். கொழுத்த ஈரலில் வீட்டுக்கு வீடு வெள்ளையாக ஓட்டை ஓட்டையாகத் தெரியும், ஊத்தப்பம் மாதிரி. அது கொழுப்பு இருந்த இடம்.

எண்ணுகிற முறையில்தான் முதலில் தகராறு. ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி மசியால் வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டத்துக்குள் எண்ண வேண்டும். மேலே இடது மூலையில் ஆரம்பித்து, ஏர் ஓட்டுவது போல் வரிசை வரிசையாக வரச் சொன்னார் டாக்டர்.

"நடுவுல மல மாதிரி ஒண்ணு நிக்குதே சார். அத வெச்சுக்கினு நாம ஏன் ஏர் ஓட்டணும்? சுத்தி வந்தா போச்சு."

அப்படியே செய்தாள். ரத்தக்குழாய்தான் மலை. வலப்பக்கம் கிழக்கு, அங்கே இந்திர லிங்கம். அங்கிருந்து கீழே இறங்கி அக்கினி, எமன், நிருதி, அப்புறம் வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களையும் எட்டுத் திசையில் வைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து சுற்றுகிற பாதை; தூக்கத்தில் கேட்டாலும் வரிசை மாறாது. இந்த லிங்கத்துக்கும் அடுத்த லிங்கத்துக்கும் நடுவில் எத்தனை சாவு, அதில் சத்தமில்லாதது எத்தனை, கூட்டம் சேர்ந்தது எத்தனை என்று எண்ணி ஒரு நோட்டில் போட்டாள். எழுத்து தெரியாததால் லிங்கத்துக்கு ஒரு படம்: இந்திரனுக்கு யானை, அக்கினிக்குச் சுடர், எமனுக்குக் கயிறு, வருணனுக்கு அலை, வாயுவுக்கு விசிறி, குபேரனுக்குக் குடம், ஈசானியத்துக்குச் சூலம். நிருதிக்கு என்ன போடுவது என்று தெரியாமல் வேப்பிலை போட்டாள்.

தினமும் வேலை முடிந்து கிளம்பும் முன் பின்பக்கக் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு போவாள். டாக்டர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நூத்தி இருவது சாவு பாத்துட்டு, குளிக்காம எப்படி சார் வூட்டுக்குள்ள கால் வெக்கிறது?"

அவள் புருஷன் வேடியப்பன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவன். "இன்னிக்கு எவ்ளோமே?" என்று அவன் கேட்பதும், "தொண்ணூத்தெட்டு, நேத்திக்குக் கம்மிதான்" என்று இவள் சொல்வதும் தெருவுக்கே கேட்கும். டாக்டர் வீட்டில் தினம் நூறு பேர் சாகிறார்கள் என்று ஒரு வாரம் ஊரில் பேச்சு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஈரல் வாங்கப் போனால், தராசில் வைத்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இது கொழுத்தது, கூட்டம் சேர்ற ஜாதி, வேற குடு" என்பாள். கறிக்கடைக்காரர் அவளைக் கண்டால் கடைக்குள் போய்விடுவார்.

நவம்பரில் எழுபதாவது ஸ்லைடின்போது ஒரு இடி விழுந்தது. டாக்டர் பேச்சுவாக்கில், மைக்ராஸ்கோப்பில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும், மேலே இருப்பது கீழே, வலம் இடம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளையம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "வலம் எடமா? அப்படின்னா எழுவது மலையயும் நான் எடமா சுத்தியிருக்கிறேனா?"

"அதனால கணக்குக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

"கணக்குக்கு ஆவாது. எனக்கு ஆவுமே!"

மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. வேடியப்பன் வந்து, "சோறு கூட துன்ன மாட்டேங்குது சார். எழுவது தடவ எடப்பக்கமா சுத்திட்டேன்னு சுவத்தப் பாத்துக்கினு உக்காந்துகினு இருக்குது" என்று முறையிட்டான். டாக்டர் அவள் வீட்டுக்கே போனார். அவள் வாசலில் கோலமாவோடு வெளியே வந்து, இரண்டு நாளாக யோசித்ததைச் சொன்னாள். "வெறும் கண்ணாடி ஒண்ணு குடுங்க. கடுகத்தன சுழி போடறேன். பாக்கலாம்."

நாலாம் நாள் காலை, வலமாகச் சுற்றுகிற சுழி ஒன்றைக் குண்டூசி முனையில் மசி தொட்டு வெறும் ஸ்லைடில் போட்டாள். டாக்டர் அதை வைத்தார். அவள் கண்ணை வைத்தாள். கீழே இருந்த வால் மேலே போயிருந்தது. ஆனால் சுழி வலமாகத்தான் சுற்றியது. நம்பாமல், பழைய பேப்பரில் பெரிய சுழி போட்டுத் தலைகீழாகத் திருப்பினாள். அதுவும் வலமாகத்தான் இருந்தது. கடைசியாகக் கூடத்தின் நடுவில் முறத்தைக் கவிழ்த்து வைத்து, டாக்டரை அதைச் சுற்றி வலமாக நடக்கச் சொல்லி, இந்தப் பக்கம் நின்று ஒரு தடவை, அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை பார்த்தாள். டாக்டர் ஆறு சுற்று சுற்றினார்.

"மல தலைகீழா நின்னாலும் வலம் வலம்தான் சார்" என்றாள் வெள்ளையம்மாள். அன்று மட்டும் நாலு ஸ்லைடு முடித்தாள்.

2003 ஜனவரி 24-ஆம் தேதி 96-உம் முடிந்தது. மொத்தச் சாவு 5,208.

டாக்டர் சென்னைக்குத் தகவல் சொன்னார். நந்தினி அவருடைய பழைய மாணவி; எலிகளை வளர்த்ததும், மசி வட்டம் போட்டதும் அவள்தான். எந்த ஸ்லைடு எந்த எலியுடையது என்ற பட்டியலை அவள் ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். எண்ணுகிறவர்களுக்கு அது தெரியக் கூடாது என்பது இந்த வேலையின் கண்டிப்பு. சரிபார்ப்பதற்காக நந்தினி அதில் பன்னிரண்டு ஸ்லைடுகளை முன்கூட்டியே சென்னையில் எண்ணி வைத்திருந்தாள். பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

பன்னிரண்டில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டிலும் வெள்ளையம்மாளுடையதே அதிகம்.

"சார், யாரு எண்ணினது இது?"

டாக்டர் உண்மையைச் சொன்னார். நந்தினி நோட்டைப் புரட்டினாள். யானை, சுடர், கயிறு, வேப்பிலை.

"சார், இது பாலர் பாடப் புத்தகம் மாதிரி இருக்கு."

"நான் சரிபார்த்தேன்மா. எனக்குச் சரியா வந்தது."

"நீங்க மைக்ராஸ்கோப்ல தூங்குவீங்க சார். காலேஜ்லேயே எல்லாருக்கும் தெரியும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "ஒத்து வரலைன்னா இந்த எண்ணிக்கையை வச்சு ஒரு வரிகூட எழுத முடியாது. பெட்டியை நான் எடுத்துட்டுப் போயிடறேன். வேற யாரையாவது முதல்லேர்ந்து எண்ணச் சொல்லணும்."

ஆறு மாத வேலை. டாக்டருக்கு அது போனால் போனதுதான். இன்னொரு முறை தொடங்குகிற வயது இல்லை. வெள்ளையம்மாளுக்கு அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. ஆடு மேய்த்த நாளிலிருந்து அவள் எண்ணினது தப்பு என்று யாரும் சொன்னதில்லை. அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டரம்மா, எங்க தப்புன்னு காட்டுங்க. ஒவ்வொண்ணும் எங்க கெடக்குதுன்னு நான் போட்டு வெச்சிருக்கிறேன்."

நியாயமான பேச்சு. நந்தினி ஒரு ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். "சரி. இந்தக் குடம் எது?"

"குபேரன். வடக்கு. மலைக்கு நேர் மேல."

"நாலுன்னு போட்டிருக்கீங்க." கண்ணை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுகூட இல்லையே."

வெள்ளையம்மாள் குனிந்து பார்த்தாள். மலை இருந்தது. வீடுகள் இருந்தன. குபேர லிங்கத்தில் ஒரு சாவும் இல்லை. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. பின்பக்கம் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். துண்டால்கூடத் துடைக்காமல் அங்கேயே படியில் உட்கார்ந்தாள். உள்ளே நந்தினி பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. "விடுங்க சார், அவங்க மேல தப்பில்ல. தெரியாதவங்கள உக்கார வச்சது நாமதான்" என்பதும் கேட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

எதிரே மலை நின்றது. ஆறு மாதமாக இந்தப் படியில் உட்கார்ந்துதான் ஈரத்தலையைக் கோதுகிறாள். இங்கிருந்து பார்த்தால் மலை ஒரே கட்டியாக, அகலமாகத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், அவளுடைய வீட்டு வாசலிலிருந்து பார்க்கிற மலை இது இல்லை. அங்கே முகடு வேறு, சரிவு வேறு. கல்யாணமான புதிதில் வேடியப்பனின் ஊர்க்காரர்கள் வந்து, இது உங்க மலையா, வேற மலையா என்று கேட்டிருக்கிறார்கள்.

எழுந்தாள். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

"டாக்டரம்மா, ஸ்லைடுல நம்பர் ஒட்டியிருக்குதே, அத எந்தப் பக்கமா வெச்சீங்க?"

"இடது பக்கம். ஏன்?"

"நான் சோத்தாங்கைப் பக்கம் வெச்சு எண்ணினேன். நீங்க ஆசிரமத்துல நின்னுகினு பாக்குறீங்க. நான் எங்க ஊர்ல நின்னுகினு எண்ணியிருக்கிறேன். திருப்பிப் போடுங்க."

நந்தினி பெட்டியைத் திறந்து, அதே ஸ்லைடைத் திருப்பி வைத்தாள். பார்த்தாள். மலைக்கு நேர் மேலே நாலு வீடு இடிந்து கிடந்தது. நாலைச் சுற்றியும் கூட்டம்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அந்த வீட்டில் டாக்டர்தான் சமைத்தார். ஒரு மைக்ராஸ்கோப், இரண்டு பெண்கள், மாற்றி மாற்றி. பன்னிரண்டு ஸ்லைடையும் முதலிலிருந்து எண்ணினார்கள். முதல் ஸ்லைடை நந்தினி தன் வழக்கப்படி வரிசை வரிசையாக எண்ணி, வட்டத்தின் ஓரத்துக்கு வரும்போதெல்லாம் எந்த வரிசை என்று குழம்பினாள். ஓரத்தில் இருந்தவைதான் அவளுடைய கணக்கில் விடுபட்டிருந்தன. இரண்டாவது ஸ்லைடிலிருந்து அவளும் சுற்றி வந்தாள்.

"வேப்பிலைக்கு வந்துட்டேன்" என்பாள் நந்தினி.

"செருப்ப கழட்டினீங்களா?" என்பாள் வெள்ளையம்மாள்.

பதினோரு ஸ்லைடு எண்ணுக்கு எண் ஒத்துப்போயிற்று. 61-ஆம் நம்பரில் மட்டும் ஒன்று உதைத்தது. வெள்ளையம்மாள் கணக்கில் 57, நந்தினி கணக்கில் 58.

"எம லிங்கத்துக்குப் பக்கத்துல ஒண்ணை விட்டுட்டீங்க" என்றாள் நந்தினி.

வெள்ளையம்மாள் பார்த்தாள். "அது இன்னும் சாவல."

"விளக்கு கருகியிருக்கே!"

"கருகுது. இன்னும் அணையல. இழுத்துக்கினு இருக்குது."

"இந்த எலியே ரெண்டு வருஷம் முன்னாடி செத்துப்போச்சுங்க!"

"எலி செத்துது. இது சாவல. நீங்க அவசரப்பட்டுத் தூக்காதீங்க."

டாக்டர் கரண்டியோடு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தூங்கிவிட்டாரோ என்று இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள். தூங்கவில்லை. "வெள்ளையம்மா சொல்றதுதான் சரி" என்றார். நந்தினி தன் தாளில் 58-ஐ அடித்து 57 என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகாலுக்கு உறையைப் பிரித்தார்கள். ஸ்லைடு நம்பருக்கு நேராக எலியின் விவரத்தை எழுதி, சாவுகளைக் கூட்டினார்கள். சாதாரண ஈரலில் ரத்தம் திரும்பியபின் இருந்தவை பெரும்பாலும் சத்தமில்லாத சாவுகள், எண்ணிக்கையும் கம்மி. கொழுத்த ஈரலில் ரத்தம் திரும்பியபின் சத்தமில்லாதவை கொஞ்சமே. மற்றதெல்லாம் வெடித்துக் கூட்டம் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில்தான் அடுத்த சாவும் இருந்தது. எந்த லிங்கத்துக்குப் பக்கத்தில் எது என்று அவள் போட்டு வைத்திருந்ததால்தான் இந்தக் கடைசி விஷயம் தெரியவந்தது. வரிசையாக எண்ணியிருந்தால் மொத்தம் மட்டும்தான் கிடைத்திருக்கும் என்று நந்தினியே சொன்னாள். இந்த ஒரு வாக்கியத்தை அவள் சொன்னபோது மணி ஐந்து பத்து.

பிறகு ஒரு தாளை எடுத்தார்கள். மேலே நம்பர்கள், கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் 'எண்ணியவர்' என்று இருந்தது. டாக்டர் வழக்கம்போல் பேனாவைத் திறந்தார்.

"நீங்க இன்னாத்துக்கு சார்?" என்றாள் வெள்ளையம்மாள்.

"யாராவது கையெழுத்துப் போடணுமேம்மா."

"எண்ணினது நானு. நீங்க போட்டா, நாளைக்கு ஒருத்தன் வந்து தப்புன்னு சொன்னா யாரப் போயிக் கேப்பான்? உங்களையா? நீங்க வெங்காயம் இல்ல நறுக்கினீங்க?" என்று இடதுகைக் கட்டை விரலை நீட்டினாள்.

நந்தினி அந்த விரலை மெல்லப் பிடித்து மடக்கினாள். "ரேகை வச்சா ஒத்துக்க மாட்டாங்க. பேரு வேணும். படிக்கிறவங்களுக்கு யாருன்னு தெரிய வேண்டாமா?"

வெள்ளையம்மாள் தாளைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். "நாலு நாள் குடுங்க" என்றாள். நந்தினி கல்லூரிக்குப் போன் போட்டு லீவு சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணன் தருமன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"ண்ணா, என் பேருல எத்தன எழுத்து?"

"ஏழு."

"எண்ணிச் சொன்னியா, உத்தேசமா சொன்னியா?"

தருமன் விரல் விட்டு எண்ணினான். ஏழுதான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொடுத்தான். கொழுந்தன் தெருவில் போனபோது கதவைச் சாத்தச் சொன்னாள். பேனா பிடிக்க வரவில்லை. மூன்று விரலால் மாவு எடுக்கிற மாதிரியே பிடித்தாள். முதல் நாள் கோலமாவில் தரையில் போட்டாள், இரண்டாம் நாள் கரியால் சுவரில், மூன்றாம் நாள் தாளில். ஒவ்வொரு எழுத்தையும் கோலத்தில் இழை இழுப்பது போல் வலமாகவே சுழிக்கப் பார்த்தாள். சில எழுத்து இடமாகத்தான் திரும்புவேன் என்றது. "இத எவன் பண்ணி வெச்சான்?" என்று அண்ணனைக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. மூன்று நாளில் 216 தடவை எழுதினாள். அண்ணன் எண்ணினது அல்ல, அவளே எண்ணினது.

நாலாம் நாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனாள். வேடியப்பன் கூடவே நாலு இளநீரோடு வந்தான். டாக்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நந்தினி தாளை வைத்து, பேனாவைக் கொடுத்தாள். மூன்றாவது எழுத்தில் நிமிர்ந்து, "காத்தாடிய நிறுத்துங்க, தாளு ஆடுது" என்றாள். நிறுத்தினார்கள். ஆறரை நிமிஷம் ஆயிற்று. முடித்ததும் பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஏழும் இருந்தன. பக்கத்தில் தேதி போட வேண்டும் என்றாள் நந்தினி. எண்கள்தானே, அதை வெள்ளையம்மாள் யாரையும் கேட்காமல் சட்டென்று போட்டாள்: 20-2-2003.